போர்க்காலத்தில் ஒரு சிறிய நாடு ராஜதந்திரத்தால் நடுநிலை காக்க முடியுமா?

முடியும். ஆனால் இரு தரப்பையும் தராசில் நிறுத்தியதுபோல் சமமாக நடத்துவதுதான் நடுநிலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் அயர்லாந்து நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள்.

கோவ், பெரஹேவன், லாக் ஸ்வில்லி ஆகிய மூன்று அயர்லாந்துத் துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையின் பிடியில் இருந்தன. பிரதமர் டி வலேரா பேசிப் பேசியே 1938-இல் அவற்றை மீட்டார். போர் மூள அப்போது ஓராண்டுதான் இருந்தது. இது நடந்திராவிட்டால் நடுநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் துறைமுகத்தில் ஒரு தரப்பின் போர்க்கப்பல் நின்றால் மறு தரப்பின் குண்டு அங்கேதான் விழும். 1940-இல், போரில் சேர்ந்தால் தன் ஆட்சியில் இருந்த வட அயர்லாந்தை அயர்லாந்துடன் இணைக்க வழிசெய்வதாக பிரிட்டன் ஆசை காட்டியது. டி வலேரா மசியவில்லை.

வெளியே இவ்வளவு உறுதி. உள்ளே பிரிட்டனுக்குச் சத்தமில்லாமல் உதவி. வட அயர்லாந்தின் லாக் எர்ன் ஏரியிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானங்கள், டோனிகல் மாவட்டத்துக்கு மேலாகவே அட்லாண்டிக்கை அடைய அனுமதி கிடைத்தது. மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற ஊரின் வானிலைக் குறிப்புகள் தவறாமல் லண்டனுக்குப் போயின. 1944 ஜூன் தொடக்கத்தில் அங்கே, புயலின் அறிகுறியாக, காற்றழுத்தம் விழுவதைக் குறித்து அனுப்பினார்கள். உடனே மறுமுனையிலிருந்து, 'மறுபடி சரிபாருங்கள்' என்று கேட்டார்கள். பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாடுகளின் படையிறக்கம் ஜூன் 5-லிருந்து 6-க்குத் தள்ளிப்போனதில் அந்தக் குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

டப்ளினில் ஜெர்மன் தூதரகம் திறந்தே இருந்தது. அதை மூடச் சொல்லி 1944 பிப்ரவரியில் அமெரிக்கா எழுத்துமூலம் நெருக்கியபோது டி வலேரா மறுத்துவிட்டார். மறுக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? அந்தத் தூதரகத்தின் வானொலிக் கருவியை அதற்கு இரண்டு மாதம் முன்பே அயர்லாந்து அரசு தன் வசம் எடுத்து, வங்கிப் பெட்டகத்தில் பூட்டியாகிவிட்டது. தூதர் இருப்பார், வானொலியில் செய்தி அனுப்ப மாட்டார். கேட்பதற்கு முன்பே எதைக் கொடுக்க வேண்டும், கேட்டாலும் எதைக் கொடுக்கக் கூடாது என்று அறிந்திருந்த அந்தக் கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹிட்லர் இறந்தபின், 1945 மே 2 அன்று டி வலேரா ஜெர்மன் தூதரை நேரில் பார்த்து இரங்கல் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தூதரக உறவு இருக்கும்வரை இந்த மரபைக் கடைப்பிடிக்காமல் விடுவது மரியாதைக் குறைவு என்பது அவர் வாதம். வதைமுகாம்களின் கதவுகள் திறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஜெர்மனி ஏறத்தாழ வீழ்ந்துவிட்டிருந்தது, அந்த மரபைக் கடைப்பிடிக்காமல் விட்டிருந்தால் அயர்லாந்துக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது.