8 வாரம் சோறே இல்லாமலா?

கேள்வி: தொண்டியில் இருக்கிறோம். என் 12 வயது மகனுக்குக் குரோன் நோய் (குடலில் நாள்பட்ட வீக்கமும் புண்ணும் வரும் நோய்) என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். 8 வாரத்துக்கு ஊட்டச்சத்துப் பவுடரைக் கரைத்து அதை மட்டும் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். பிள்ளை வாடிப்போவான் என்று மாமியார் அழுகிறார். நடுவில் கஞ்சி, பதநீர் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. இளநீரைக்கூட டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும்.

மாமியாரிடம் இதை மருந்து என்றே சொல்லுங்கள். குழந்தைகளின் குரோன் நோயில் குடல் வீக்கத்தைத் தணிப்பதில் இந்தத் திரவ உணவு ஸ்டீராய்டு மருந்துக்கு ஈடானது. குடல் புண் ஆறுவதில் அதைவிட மேல். ஸ்டீராய்டு வளர்த்தியைத் தடுக்கும். இந்தத் திரவ உணவில் பிள்ளைக்கு எடை ஏறும். ஆனால் ‘மட்டும்’ என்றால் மட்டும்தான். 2006-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பாதி பவுடரும் பாதி வழக்கமான சாப்பாடுமாக இருந்த குழந்தைகளுக்குப் பலன் வெகுவாகக் குறைந்தது.

பெரும்பாலான பவுடர்களில், சரியாகக் கரைத்தால், ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 1 கலோரி. இந்த வயதுக்கு நாளைக்கு 2 லிட்டரை நெருங்கலாம். எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவே கணக்கு. முதல் இரண்டு மூன்று நாள் குறைவாகத் தொடங்கி ஏற்றுவார்கள். 200 மில்லியாகப் பிரித்து, குளிர வைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள். முடியவே இல்லையென்றால் மூக்கு வழியாக மெல்லிய ட்யூப் வைக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண ஹெல்த் டிரிங்க் இதற்கு மாற்றாகாது.

உங்கள் பக்கத்துச் சிக்கல் தண்ணீர். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. காவிரிக் குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கலக்குங்கள். எத்தனை கரண்டி என்பது டின்னில் அச்சிட்டபடியே இருக்கட்டும். சிக்கனத்துக்காக நீர்க்கக் கரைத்தால் பிள்ளை மெலிவான். கரண்ட் போகும் ஊர் என்பதால் அந்தந்த வேளைக்கு மட்டும் கரைப்பது நல்லது. மீன் ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது!

இரண்டு வாரத்துக்குள்ளேயே வயிற்று வலி குறைந்து பையன் ஓடியாடத் தொடங்கலாம். அப்போதுதான் ‘ஒரு வாய் மீன்குழம்புச் சோறு’ என்று வீடே இளகும். உள்ளே புண் ஆறியிருக்காது, விடாதீர்கள். எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் அவனைத் தனியே உட்கார வைக்காமல், டம்ளரோடு பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பள்ளியிலும் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். விடாத வாந்தி, வயிறு உப்பி வலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எழுதிய மற்ற மருந்துகளை நிறுத்தாதீர்கள். நோய் திரும்பாமல் இருக்கப் பெரும்பாலும் அவையும் வேண்டும். 8 வாரம் முடிந்ததும் பவுடரைக் குறைத்துக்கொண்டே சாப்பாட்டைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். எதில் தொடங்குவது என்று அப்போது டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.