மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, தங்கச்சிக்கு?

கேள்வி: காரைக்குடியில் டெலிவரி தொழில் செய்கிறோம். நாலு வருஷத்துக்கு முன் இரண்டு வண்டியோடு ஆரம்பித்தது. இன்று கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை வரை 45 பையன்கள் ஓடுகிறார்கள். பலகாரம், மருந்து, மெஸ் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,100 ஆர்டர். சர்வர் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கிறது. தீபாவளி வாரத்தில் இரண்டு முறை படுத்துவிட்டது. கிளவுடுக்கு, அதாவது பெரிய கம்பெனி மெஷினை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து, மாற்றிவிடலாம் என்கிறேன். அப்பச்சி (அப்பா), 'நம்ம கணக்கு நம்ம வீட்டிலதான் இருக்கணும்' என்கிறார். இதுவரை சாஃப்ட்வேர் எழுதியது, பார்த்துக்கொண்டது எல்லாம் தங்கச்சி. ராத்திரி கரண்ட் போய் வந்தால் அவள்தான் எழுந்துபோய் ஆன் செய்வாள். 'முதலில் யூபிஎஸ், அப்புறம் இது, நாலு நிமிஷம் பொறுக்கவும்' என்று மெஷின் மேல் சீட்டுகூட ஒட்டியிருக்கிறாள். சம்பளம் என்று எதுவும் இல்லை, வீட்டுப் பிள்ளைதானே. தை மாதம் அவளுக்குக் கல்யாணம், கோயம்புத்தூர் போகிறாள். எந்தக் கம்பெனி கிளவுட் நல்லது? மாதம் எவ்வளவு ஆகும்? அப்பச்சியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்:

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். 'சம்பளம் என்று எதுவும் இல்லை, வீட்டுப் பிள்ளைதானே.'

வண்டி ஓட்டும் 45 பையன்களுக்கும் சம்பளம் உண்டு. பெட்ரோல் காசு தனி. மழை நாளில் கூடக் கொஞ்சம் கொடுப்பீர்கள், இல்லாவிட்டால் பையன் அடுத்த கம்பெனி பையை மாட்டிக்கொள்வான். தங்கச்சி எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம்தானே இத்தனை நாள்? இப்போது தை மாதம் போகிறாள். உடனே கிளவுட் ஞாபகம் வருகிறது. தொழில் வளர்ந்தது நாலு வருஷமாக. அவசரம் மட்டும் இந்தக் கார்த்திகையில் வந்திருக்கிறது.

கிளவுடில் எப்படிக் காசு வாங்குகிறார்கள் என்று விசாரித்திருப்பீர்கள். மெஷின் ஓடும் நேரத்துக்கு மணிக்கணக்கு, பல இடங்களில் விநாடிக்கணக்கு. நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். டேட்டா வெளியே போனால் அதற்குத் தனி. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. மும்பையில் முகம் தெரியாத ஒரு மெஷின் தூங்குகிற நேரத்துக்குக்கூடப் பைசா சுத்தமாகக் கட்டத் தயாராகிவிட்டீர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்கு நடந்த பெண்ணுக்கு உங்கள் கணக்கில் ஒரு வரி கிடையாது.

'கல்யாணத்துக்குக் குறைவில்லாமல் செய்கிறோமே' என்பீர்கள். இந்தப் பதிலை எத்தனையோ அண்ணன்மார் எனக்கு எழுதிவிட்டார்கள். சீர் வேறு, கூலி வேறு. அவள் ஒரு நாளும் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்திருந்தாலும் வெள்ளியும் வைரமும் வைக்கத்தான் போகிறீர்கள். அது பிறந்த வீட்டு முறை. கூலி கடன். நம் ஊர் வட்டிக்கடைக் கணக்கைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். பெண்ணின் சீதனப் பணம் கடைக்குள் வந்தால் அவள் பெயரில் தனிப் பற்று வரவு, அதற்கு வட்டி. சொந்தக்காரப் பிள்ளையை ரங்கூன் கடைக்கு அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு உதவியாளாக, அனுப்பினாலும் சம்பளம் பேசித்தான் கப்பல் ஏற்றினார்கள். நாம் என்னவோ படித்து நாகரிகமாகி, வீட்டுப் பெண்ணின் உழைப்பைப் 'பாசம்' தலைப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, கிளவுட். மாறுங்கள், மாற வேண்டியதுதான். தீபாவளி வாரத்துக்கு மட்டும் பெரிய மெஷின் எடுத்துவிட்டு, அப்புறம் சின்னதுக்கு இறங்கிவிடலாம். அந்த வசதி இரண்டாங்கட்டுப் பெட்டிக்கு வராது. ஆனால் கிளவுட் கம்பெனி எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். கட்டடம், கரண்ட், குளிரூட்டல், கெட்டுப்போகிற டிஸ்க் அவர்கள் பாடு. உங்கள் சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு, டேட்டா உங்கள் பாடு. ராத்திரி எட்டு மணிக்கு, மெஸ் ஆர்டர் குவிகிற நேரத்தில், சாஃப்ட்வேர் சிக்கிக்கொண்டால் அவர்கள் பக்கத்தில் எல்லாம் பச்சையாகவே காட்டும். மெஷின் ஓடுகிறதே!

அந்தச் சீட்டுக்கு வருகிறேன். நாலு நிமிஷம் எதற்கு? உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் பட்டென்று போனதில் பாதியில் நின்ற கணக்கை, ஆர்டர்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சரிபார்த்துக்கொள்ளும் நேரமாக இருக்கலாம். அதற்குள் அவசரப்பட்டால் ஒரே ஆர்டர் இரண்டாக ஏறுவதற்கு வழி இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், அவளைத்தான் கேட்க வேண்டும். அதே சாஃப்ட்வேரை மும்பைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அந்த நாலு நிமிஷமும் கூடவே வரும். சீட்டு மட்டும்தான் வராது.

எந்தக் கம்பெனி என்பது உங்கள் அளவுக்குப் பெரிய கேள்வியே இல்லை. அமேசானுக்கு மும்பையில் 2016 முதல், ஹைதராபாத்தில் 2022 முதல் இடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும். 1,100 ஆர்டர் அவர்களில் யாருக்கும் ஒரு சுமையில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு எது பழக்கமோ அதை எடுங்கள். டேட்டாபேஸை மட்டும் அவர்களே பராமரிக்கும் சேவையாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். மாதம் எவ்வளவு என்பதை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துப் பில்லிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். பட்ஜெட் தாண்டினால் தகவல் வரும்படி வைக்கலாம், ஆனால் அது தகவல்தான், செலவை நிறுத்தாது. ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி தருவார்கள். முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்பச்சியைப் பழைய ஆள் என்று ஒதுக்காதீர்கள். பர்மாவில் நிலமும் கடையும் வைத்திருந்தவர்கள் 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்த கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 'கணக்கு வீட்டில்' என்ற பேச்சுக்கு அதுதான் வேர். ஆனால் அதே பெரியவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஏஜெண்டை அனுப்பித்தான் தொழில் நடத்தினார்கள். மூன்று வருஷக் கணக்கு, கையில் பவர் பத்திரம், முதலாளி மட்டும் ஊரில். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிளவுட் அக்கவுண்டைக் கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில் திறங்கள். தெரிந்த பையன் தன் சொந்த மெயிலில் திறந்து தருகிறேன் என்றால் விடாதீர்கள். தலைச்சாவி உங்களிடம் இருக்கட்டும், வேலை பார்ப்பவர்களுக்கு வேலைக்கு வேண்டிய அதிகாரம் மட்டும். தினமும் ஒரு நகல் வீட்டுக்கு இறங்க வேண்டும். மாதம் ஒரு தடவை, அப்பச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிக் காட்டுங்கள். எழும்பாத நகல் வெறும் டிஸ்க்.

இனி, யார் மாற்றுவது. உங்கள் மனதில் என்ன ஓடுகிறதென்று தெரியும். மார்கழியில் கல்யாணப் பெண்ணை லேப்டாப் முன் உட்காரவைத்து, 'போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துரு ஆத்தா' என்று கொஞ்சுவது. கூடாது. கல்யாணம் முடியட்டும். கிளவுடில் இருப்பதைக் கோயம்புத்தூரிலிருந்தும் பார்க்கலாம். விருப்பமிருந்தால் அவள் செய்யட்டும், மாதச் சம்பளம் எழுத்தில் பேசி. விருப்பமில்லை என்றால் ஆள் எடுங்கள், அந்த ஆளுக்குச் சொல்லித்தரும் நாட்களுக்கும் அவளுக்குக் காசு. பிறந்த வீட்டுக்கு இன்னும் ஓசியில் உழைக்கிறாள் என்று நாளைக்கு மாமியார் வீட்டில் ஒரு சொல் வந்தால், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அதுவரை பழைய பெட்டி ஓடட்டும். கரண்ட் போனால் நீங்கள் எழுந்திருங்கள்.

சீட்டைப் பார்த்து முதலில் யூபிஎஸ், அப்புறம் மெஷின். நாலு நிமிஷம் அந்த இருட்டில் நின்றுகொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். நாலு வருஷம், வெளியாள் ஒருவருக்கு என்றால் மாதம் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? வருகிற தொகையைத் திருப்பூட்டுக்கு, தாலி ஏறுவதற்கு, முன்னால் அவள் பெயரில் பேங்கில் போடுங்கள். சீர்ப் பட்டியலில் அதை எழுதக் கூடாது.