டெல்லி விவசாய மந்திரிக்கு எழுத வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் எங்கள் ஊர்க் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. விலையைப் பற்றிப் பேச்சு வந்ததும், "டெல்லி விவசாய மந்திரிக்கு ஒரு மனுப் போட்டுவிடலாம்" என்றார் ஒருவர். "அவர் என்ன செய்வார்? அது வேற மந்திரி கையில்" என்றார் இன்னொருவர். வாக்குவாதம் முற்றி என்னிடம் வந்தது. வேளாண்மைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், ஓய்வுக்குப் பிறகு பழைய அரசிதழ்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன் என்பதால், கேள்விகளை அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடுமலை, தென்னை விவசாயி: *இந்த விவசாய மந்திரி பதவி சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததுங்களா, வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்ததுங்களா?*

மந்திரி பிறகு வந்தவர். துறை அதற்கு வெகுகாலம் முந்தியது. 1871இல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வருவாய், விவசாயம், வணிகம் மூன்றையும் சேர்த்து ஒரு துறை தொடங்கினார்கள். அதற்குச் செயலாளர் ஏ.ஓ. ஹியூம். ஆமாம், பின்னால் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். துறையின் பெயரில் வருவாய்தான் முதலில் நின்றது. அரசாங்கத்தின் கண் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1879இல் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். எப்போது மூடினார்கள் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் கோவை, சேலம் ஜில்லாக்களில் அதைச் சொல்லாத கிழவி கிடையாது. அந்தப் பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம் விவசாயத் துறைக்குப் பூட்டு! பஞ்ச விசாரணைக் கமிஷன் 1880இல் எடுத்துச் சொன்ன பிறகு, 1881இல் மறுபடி திறந்தார்கள். 1923இல் அதைக் கல்வி, சுகாதாரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 1945இல்தான் விவசாயம் தனித் துறையானது.

உணவுத் துறை வேறு வழியில் வந்தது. போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அந்த அரிசி நின்றுபோன பிறகு, 1942 கடைசியில் அவசரமாக ஆரம்பித்தது அது. விளைவிப்பவனுக்கு ஒரு துறை, சாப்பிடுகிறவனுக்கு ஒரு துறை என்று இரண்டும் தனித்தனியாகப் பிறந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் இதுதான் வேர்.

ஈரோடு, கல்லூரி மாணவி: *முதல் மந்திரி யாருங்க ஐயா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.*

ராஜேந்திர பிரசாத், அம்மணி. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் உணவும் விவசாயமும் அவரிடம். 1947 ஆகஸ்டிலும் அவரேதான். பின்னால் குடியரசுத் தலைவரானார். இதே நாற்காலியில் இருந்து அந்தப் பதவிக்குப் போன இன்னொருவர் பக்ருதீன் அலி அகமது. தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள்.

தேர்வில் கேட்காத கதை ஒன்று. 1947 கடைசியில், காந்தி வற்புறுத்தியதால், தானியத்துக்கு இருந்த விலை, ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். விலை எகிறியது. மறு வருஷமே, ஜெயராம்தாஸ் தௌலத்ராம் காலத்தில், மறுபடி கட்டுப்பாடு. அடுத்து வந்த கே.எம். முன்ஷியை மரம் நடும் வன மகோத்சவத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன்பின் ரபி அகமது கித்வாய் வந்து கட்டுப்பாட்டை மெல்லத் தளர்த்தினார். அதற்கு முன்னோடி நம்ம பக்கத்து மனிதர், ராஜாஜி. 1952இல் சென்னை மாகாணத்தில் அரிசி ரேஷனை எடுத்தவர் அவர். அந்த அமைச்சரவையில் நிதியோடு உணவையும் கவனித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையம் சி. சுப்பிரமணியம். அவரிடம் பிறகு வருகிறேன்.

பெருந்துறை, மளிகைக் கடைக்காரர்: *உணவு மந்திரியும் விவசாய மந்திரியும் ஒருத்தரா, ரெண்டு பேரா?*

எந்த வருஷம் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்! 1951இல் இரண்டு அமைச்சகங்களையும் ஒன்றாக்கினார்கள். 1956இல் பிரித்தார்கள். ஆறே மாதத்தில், 1957இல், மறுபடி சேர்த்தார்கள். 1966இல் சமுதாய வளர்ச்சியும் கூட்டுறவும் வந்து ஒட்டிக்கொண்டு, பெயர்ப் பலகை கதவு அகலத்துக்கு நீண்டது. 1971இல் வெறும் விவசாய அமைச்சகம். 1974இல் பாசனம் சேர்ந்தது. 1983இல் உணவு தனியாகப் போய்விட்டது. நடுவில் சரத் பவார் 2004இலிருந்து சில வருஷம் இரண்டையும் ஒரு கையில் வைத்திருந்தார், 2011இல் உணவு அவரை விட்டுப் போனது. 2015இல் "விவசாயிகள் நலன்" என்ற சொல் பெயரில் சேர்ந்தது. 2019இல் கால்நடையும் மீனும் தனி அமைச்சகம் ஆயின.

இவ்வளவுக்கும் உணவுத் துறையும் வேளாண் துறையும் வெகுகாலம் இருந்தது டெல்லியில் ஒரே கட்டடத்தில், கிருஷி பவனில். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஒரே வளவில் அடுப்பைத் தனியாக வைத்திருப்பது மாதிரி.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: *சி.எஸ். (சி. சுப்பிரமணியம்) பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். உண்மையில் அந்தப் பதவியில் அவர் செய்தது என்ன?*

இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும், வாத்தியாரே.

1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானபோது இவர் எஃகு, சுரங்க அமைச்சர். அங்கிருந்து உணவு, விவசாயத்துக்கு மாற்றினார்கள். அன்றைக்கு அதை யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற பதவியாக நினைக்கவில்லை. தானியம் குறைந்தால் திட்டு, விலை ஏறினால் திட்டு. முன்னால் இருந்த எஸ்.கே. பாட்டீல் 1960இல் அமெரிக்காவோடு பெரிய ஒப்பந்தம் போட்டிருந்தார். பி.எல். 480 என்பார்களே, அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டம், அதன்படி. நான்கு வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டன் கோதுமையும் அரிசியும். கப்பல் வந்தால் சாப்பாடு என்ற நிலைமை.

சி.எஸ். முதலில் கை வைத்தது விலையில். நகரத்தில் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக விவசாயியின் விலையை அமுக்கி வைத்தால் அவன் எதற்கு அதிகம் விளைவிப்பான்? இந்தக் கேள்வியை நம் பண்ணையத்தில் யாரிடம் கேட்டாலும் பதில் வரும், டெல்லியில் மட்டும் வரவில்லை. 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் வந்தது. இன்றைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் அமைப்பு அதுதான், பெயர் மட்டும் நீண்டிருக்கிறது. அதே ஜனவரி 14ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் ஆரம்பம். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில், தலைமையகம் சென்னையில். டெல்லிக்குப் போனது பிற்பாடுதான். விலை சொல்ல ஒன்று, அந்த விலைக்கு வாங்க ஒன்று. உணவும் விவசாயமும் ஒரே மந்திரியிடம் இருந்ததால்தான் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்ய முடிந்தது என்பது என் கட்சி.

அப்புறம் விஞ்ஞானிகள். விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு 1965இல் முதன்முதலாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், வந்தார். கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன், அதிகம் விளையும் மெக்சிகோ குட்டைக் கோதுமையை டெல்லியில் சோதித்துக்கொண்டிருந்தார். துறைச் செயலாளர் பி. சிவராமன். இந்த மூவரையும் நம்பி 1966இல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து இறக்கினார் சி.எஸ். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அன்னியச் செலாவணிக்குக் கையை விரித்தவர்; இடதுசாரிகள் அமெரிக்கச் சதி என்றார்கள்; சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு. மனிதர் தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அதில் கோதுமை போட்டுக் காட்டினார். நம்ம ஊர்ப் புத்தி என்று எனக்குத் தோன்றும். விளைந்ததைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் குடியானவனும் புது விதையை நம்பமாட்டான்.

இதற்கு நடுவில் மழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல் மறு வருஷம் 7 கோடியே 20 லட்சம் டன். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனைச் சந்தித்து, இன்னின்ன சீர்திருத்தம் செய்வோம் என்று சி.எஸ். கையெழுத்துப் போட்டார். அதில் பெரும்பாலானவை அவரே செய்ய நினைத்தவை என்பதால் அவருக்கு அது அவமானமாகப் படவில்லை போலும்.

கோபி, நெல் விவசாயி: *இவ்வளவும் செஞ்சவர் எங்க கோபியில எப்படிங்க தோத்தார்?*

1967 தேர்தலைக் கேட்கிறீர்கள். விதை மூட்டை பஞ்சாபில் முளைத்துக்கொண்டிருந்தது, இங்கே கடையில் அரிசி இல்லை. எதிர்த்த தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. உணவு மந்திரியே வேட்பாளர் என்றால் அந்தக் கோஷம் யார் தலையில் விழும்? ஜெயித்த பிறகு அது ரூபாய்க்கு ஒரு படி ஆனது, அதுவும் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி. அது வேறு கதை.

மொழிப் போராட்டமும் சேர்ந்துகொண்டது. 1965 பிப்ரவரியில் ஓ.வி. அளகேசனும் இவரும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஏற்காமல் சமாதானம் செய்தார். ஊரில் அதற்கு மரியாதை கிடைத்தது, ஓட்டுக் கிடைக்கவில்லை. 1968இல் கோதுமைப் புரட்சிக்கு இந்திரா காந்தி தபால்தலை வெளியிட்டபோது நாற்காலியில் ஜெகஜீவன்ராம் இருந்தார். பாரத ரத்னா சி.எஸ்.ஸுக்கு 1998இல் வந்தது.

சத்தியமங்கலம், இயற்கை விவசாயி: *மண்ணைக் கெடுத்தவரையா இப்படித் தூக்கி வைக்கிறீர்கள், அண்ணா?*

கோபம் நியாயமானது. நான் துறையில் இருந்தபோது யூரியாவைத் தோளில் தூக்கிப் போய் விற்காத குறைதான். எங்கள் அப்புச்சி தோட்டத்தில் கவலை ஏற்றம் ஓடிய கிணறு இன்றைக்குக் குப்பைக்குழி. பக்கத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்றுத்தான் வருகிறது. கம்பும் சோளமும் போன இடத்தை ரேஷன் அரிசி பிடித்தது.

ஆனால் 1966இல் அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், தம்பி. பிகாரில் வறட்சி, கப்பல் எண்ணி வருகிறது. என் குற்றச்சாட்டு அவர் மேல் இல்லை. அவசரத்துக்குக் கொடுத்த மருந்தை ஐம்பது வருஷம் தினச் சாப்பாடாக்கிய பின்னால் வந்தவர்கள் மேல்தான்.

அவிநாசி, விசைத்தறிக்காரர்: *விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தது எந்த மத்திய மந்திரி?*

யாரும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லி மந்திரி விலை சொல்லலாம், மானியம் கொடுக்கலாம். உங்கள் தோட்டத்து மோட்டாருக்கு அவர் பொறுப்பில்லை. நம் ஆட்களின் சண்டை முழுக்கச் சென்னையோடுதான். 1970இல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூடு, யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டதற்கு. 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை அடைத்த மாட்டு வண்டிகள். எல்லாம் மாநில அரசுக்கு எதிராக.

நாமக்கல், ஈரோடு, மோகனூர் என மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வி: *எங்கள் பொருளுக்கு யாரிடம் போவது?*

கோழிக்காரர் கால்நடை அமைச்சகத்துக்குப் போக வேண்டும், 2019இலிருந்து தனிக் கதவு. மஞ்சள்காரர் வணிக அமைச்சகத்துக்கு. மஞ்சள் வாரியம் அவர்களுடையது, 2025 ஜனவரியில் தொடங்கினார்கள், தலைமையகம் நிஜாமாபாத்தில். ஈரோடு இருக்க நிஜாமாபாத்தா என்று என்னைத் திட்டாதீர்கள். கரும்புக்காரர் உணவு அமைச்சகத்துக்கு, 1966இல் சி.எஸ். காலத்தில் வந்த கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை உணவோடு சேர்ந்து போய்விட்டது. உரம் என்றால் ரசாயன அமைச்சகம். பருத்திக்கு ஆதரவு விலை வேளாண் அமைச்சகம் சொல்லும், வாங்குவது ஜவுளி அமைச்சகத்தின் பருத்திக் கழகம். சின்ன வெங்காயத்துக்கும் குச்சிக்கிழங்குக்கும் ஆதரவு விலையே கிடையாது.

கடைசியாக, களத்துக் கேள்வி: *அப்போ கொப்பரைக்கு?*

ஜெயித்தது முதல் ஆள்தான். கொப்பரைக்கு ஆதரவு விலை உண்டு, தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் அமைச்சகத்தின் கீழ்தான். வாங்குவது நாபெட் என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வழியாக. ஆனால் கொள்முதலுக்கு மாநில அரசு கேட்க வேண்டும், அதனால் சென்னைக்கு ஒரு பிரதி போடுங்கள். 2024 ஜூனிலிருந்து மந்திரி சிவராஜ் சிங் சௌகான். அனுப்பும் முன் அமைச்சகத்தின் இன்றைய முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியில் எழுத ஆள் தேட வேண்டாம். குறை தீர்க்கக் கேட்டு எழுதும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.