ஒரே 28 அடி, இரண்டு வள்ளம்: எதை எடுக்க?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஃபைபர் வள்ளம் பற்றித்தான். நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

குளச்சல் வாசகர்: 28 அடி வள்ளம் இரண்டு விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று இங்கேயே கரையில் ஏற்றி இறக்கியது, 8 வருடம், இரண்டு லட்சம். மற்றது தேங்காய்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது, 6 வருடம், புதுப் பெயின்ட், இரண்டரை லட்சம். எதை எடுக்கலாம்?

வயதை விடுங்கள். எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம். தினமும் கரையேற்றுகிற வள்ளத்தை மணல் தின்னும். ஏரா, அதாவது வள்ளத்தின் அடி முதுகெலும்பில், ஜெல்கோட் என்கிற வழவழப்பான மேல்பூச்சு போய், மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு வெளியே தெரியும். அலை அறைந்து அறைந்து உள்ளே மூலைகளில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம். ஏராவில் மூன்று நான்கு மேட் போட்டு ரெசின் என்கிற ஒட்டுப் பிசின் அடித்தால் அடுத்த சில வருடத்துக்குக் கவலையில்லை.

தண்ணீரிலேயே கிடந்த வள்ளத்தின் கதை வேறு. ஜெல்கோட்டைத் தாண்டி நீர் ஊறி, அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும். ஒன்றைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று நீர் வந்து வினிகர் வாடை அடித்தால் ரெசினே கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து கொப்புளம் என்றால் பரவாயில்லை. அடி முழுக்க இருந்தால் உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். அதுவரை தொழிலுக்கு என்ன செய்வீர்கள்?

அப்புறம் அந்தப் புதுப் பெயின்ட். எத்தனை தடவைதான் எழுதுவது? நாளைக்கு விற்கப் போகிற வள்ளத்துக்கு ஒருவர் இன்று ஏன் கைக்காசு போட்டுப் பெயின்ட் அடிக்கிறார்? விரிசலையும், கொப்புளத்தையும், பழைய ஒட்டு வேலையையும் ஒரே வாளியில் மூடத்தான். பளபளப்பைப் பார்த்து ஐம்பதாயிரம் கூடக் கொடுத்துவிட்டு, ஒரு ஆடிக் கடல் கண்டதும் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! பெயின்ட் அடித்த வள்ளத்துக்கு நான் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்க மாட்டேன், குறைத்துத்தான் கேட்பேன்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுங்கள். அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பலகை வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். ‘டொப்’ என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே மேட் பிரிந்திருக்கிறது, அல்லது நீர் நிற்கிறது. அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். விற்பவர் முகம் மாறுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இஞ்சின் மாட்டுகிற பின்பலகை. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாகத்தான் நீர் இறங்கும். கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றி ஓட்டைக்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்புங்கள். காய்ந்த வெளிர் மரத்தூள் வந்தால் சரி. காப்பிப்பொடி நிறத்தில் ஈரமாக வந்தால் பலகை போச்சு. அப்படிப்பட்ட பலகையில் 40 குதிரை இஞ்சினை மாட்டிக்கொண்டு அலை தாண்டாதீர்கள்.

இரண்டும் 28 அடி என்கிறீர்களே, டேப் வைத்து அளந்தீர்களா, அவர்கள் சொன்னதா? அகலத்தையும் ஆழத்தையும் எழுதவே இல்லை. அகலம் அரை அடி கூடினாலே வலையும் ஐஸும் ஏற்றுவதில் பெரிய வித்தியாசம். நாணயமும் பலகையும் தேறினால் குளச்சல் வள்ளத்தை எடுங்கள், ஏராச் செலவைக் கழித்துக்கொண்டு.

முட்டம் வாசகர்: ஆடி மாதத்தில் வாங்கினால் விலை குறையுமா?

குறையும். வள்ளங்கள் கரையில் கிடப்பதால் அடியையும் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் கொந்தளிக்கிற அந்தக் கடலில் இஞ்சினை ஓட்டிப் பார்க்க முடியாது. பாதிப் பணம் கொடுத்து, கடல் அடங்கி ஓட்டிப் பார்த்த பிறகு மீதி என்று பேசுங்கள். மற்றபடி, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான தடை விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்கு இல்லை. இதையும் வருடா வருடம் யாராவது கேட்கிறீர்கள்.

தூத்தூர் வாசகர்: தெரிந்தவர்தான், பேப்பர் பிறகு மாற்றித் தருகிறேன் என்கிறார்.

பணமும் பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். மீன்வளத்துறைப் பதிவு உங்கள் பெயருக்கு மாறாத வரை அது அவருடைய வள்ளம். இஞ்சின் பில் தனி, அதையும் கேட்டு வாங்குங்கள்.

மணக்குடி வாசகர்: பழைய பிளைவுட் வள்ளத்துக்கு மேலே ஃபைபர் ஒட்டியது மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஒட்டும்போது மரம் நன்றாகக் காய்ந்திருந்தது என்பதற்கு என்ன சாட்சி? நடுவில் நீர் மாட்டினால் வெளியே தெரியாமலே மக்கும்.

சின்னமுட்டம் வாசகர்: பழைய அவுட்போர்டு இஞ்சினில் எதைப் பார்க்க வேண்டும்?

கீழ் கியர் ஆயிலை ஒரு சொட்டு இறக்குங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம், ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விலகுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆறட்டும் என்று காத்திருந்து, நீங்களே கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஓய்வு பெற்றுவிட்டேன். கொச்சியில் 30 அடி பாய்மர உல்லாசப் படகு இரண்டு விற்பனைக்கு இருக்கிறது. எது நல்லது?

முதலில் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த வகைப் படகுக்கு அடியில் கனமான ஏரா தொங்கும், நீருக்குள் ஐந்தாறு அடி இறங்கும். மணல் மூடுகிற நம்முடைய முகத்துவாரங்களில் தட்டும். இரண்டில் எதன் பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி வடம் பத்துப் பதினைந்து வருடம் தாண்டாமல், ஏரா போல்ட் துரு இல்லாமல் இருக்கிறதோ அதை எடுங்கள். பாய் கிழிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பாய்மரக் கம்பி நடுக்கடலில் அறுந்தால் மரமே சாயும்.

பெயர், ஊர் இல்லாத வாசகர்: போட்டோ அனுப்பியிருக்கிறேன். வள்ளம் எப்படி?

போட்டோவில் பெயின்ட் நன்றாக இருக்கிறது.