இரண்டு பட்டாளங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

முதல் உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த யூதர் ஆபிரகாம் குரோட்டோஷின்ஸ்கியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ரஷ்யப் பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்தவர் அமெரிக்கப் பட்டாளத்தில் மட்டும் எப்படி வீரரானார்? அதுவும் அவராகச் சேரவில்லை, கட்டாயமாகச் சேர்த்தார்கள். இதில் தேசப்பற்று எங்கே இருக்கிறது? நான் சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாசி. மகனுக்கு அடுத்த வருடம் என்எஸ் என்ற கட்டாய தேசிய சேவை. “இது நம்ம நாடாப்பா?” என்று கேட்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

கு., சிங்கப்பூர்

அன்புள்ள கு.,

‘பயந்து ஓடிவந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பிறந்த புவோட்ஸ்க் போலந்து ஊர். அன்று அது ரஷ்ய ஜாரின் பிடியில் இருந்தது. அந்த ஆட்சியில் யூதர்களுக்குப் பட்டாளம் என்றால் என்ன என்று பாருங்கள். 1827-லிருந்து 1856 வரை பன்னிரண்டு வயதுப் பையன்களைக்கூடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு வயதான பிறகுதான் 25 வருடச் சேவைக்கான கணக்கே தொடங்கும். அதற்குள் பலரை மதம் மாற்றிவிடுவார்கள். குரோட்டோஷின்ஸ்கியின் காலத்தில் சேவைக்காலம் குறைந்துவிட்டது, ஆனால் யூதன் அதிகாரியாக முடியாது, ஊரில் கலவரம் வந்தால் அவனுடைய வீட்டுக்குப் பாதுகாப்பும் கிடையாது. யூதர்களை வதைக்கும் அரசுக்குச் சேவை செய்ய மறுத்துத்தான் வந்தேன் என்று அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1912-ல் இருபது வயதில் கப்பலேறியவருடைய முடிவு அது. அதில் எனக்குப் பயம் தெரியவில்லை.

நியூயார்க்கில் முடிவெட்டிப் பிழைத்தார். 1917 மே மாதம் அமெரிக்கா கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமைக்கு முதல் மனு போட்டிருந்தாலே போதும், வெளிநாட்டில் பிறந்தவரையும் அழைக்கலாம். அப்படித் திரட்டப்பட்டதுதான் அவர் இருந்த 77-வது டிவிஷன். லாங் ஐலண்டில் கேம்ப் அப்டன் என்ற முகாமில் பயிற்சி. தையல்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வெயிட்டர்கள் என்று நியூயார்க் தெருக்களே அங்கே வந்து நின்றமாதிரி இருந்திருக்கும். இட்டிஷ், இத்தாலியன், போலிஷ், சீனம் என்று நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் என்பார்கள். தோள்பட்டைச் சின்னத்தில் சுதந்திரதேவி சிலை. அவர்களில் பலர் கப்பலில் வரும்போது முதன்முதலாகப் பார்த்த அதே சிலை!

1918 அக்டோபர் தொடக்கத்தில், பிரான்சின் ஆர்கோன் காட்டில், மேஜர் விட்டில்சியின் கீழ், இவரையும் சேர்த்து, அந்த டிவிஷனின் சுமார் 550 பேர் ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் ஜெர்மானியர்களிடம் சுற்றிவளைபட்டார்கள். சாப்பாடு தீர்ந்தது. தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனவர்களைச் சுட்டார்கள். நாலாம் தேதி சொந்தப் பீரங்கிகளே இவர்கள் மேல் குண்டு போட்டன. ‘நிறுத்துங்கள்’ என்ற செய்தியோடு பறந்த செர் அமி என்ற புறாவின் பதம்செய்த உடல் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புறாவைத் தெரிந்த அளவுக்கு முடிவெட்டுபவரைத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம். அதனால்தான் முதலில் அவரைப் பற்றியே எழுதினேன்.

உதவி கேட்டு அனுப்பிய ஆட்கள் யாராலும் ஜெர்மானியர்களின் வளையத்தைத் தாண்ட முடியவில்லை. செத்தார்கள், பிடிபட்டார்கள், திரும்பி வந்தார்கள். ஏழாம் தேதி குரோட்டோஷின்ஸ்கி ‘நான் போகிறேன்’ என்றார். இதற்கு எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கவனியுங்கள். காட்டுக்குள் நுழையும் முன் முப்பதடி திறந்தவெளி. அதை எதிரி பார்க்கப் பார்க்க ஓடிக் கடந்தார். அப்புறம் ஜெர்மானியர்களுக்கு நடுவே வயிற்றால் ஊர்ந்தார். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அமெரிக்க அணி கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையான கஷ்டம் அப்போதுதான் தொடங்கியது என்கிறார். ஜெர்மானியர் பக்கத்திலிருந்து வருகிறேன், என் ஆங்கிலமும் சுமார்தான், யாரென்று சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிடுவார்களே என்று பயந்தாராம்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த இடத்தைத்தான். நாள் முழுக்க எதிரியின் துப்பாக்கிக்குத் தப்பியவருக்குத் தன் பக்கத்துத் துப்பாக்கிதான் கடைசி ஆபத்து. காரணம், உச்சரிப்பு. வந்தேறி என்ற நிலையை இதைவிடக் கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. பாலஸ்தீனம் போய் விவசாயம் பார்த்தார், கைகொடுக்கவில்லை. திரும்பி வந்தால் நியூயார்க்கில் வேலை இல்லை. பதக்கம் வாங்கியவர் பிழைக்க வழியில்லாமல் இருக்கிறார் என்று செய்தி பரவிய பிறகு, 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜ் தனி ஆணை போட்டு அவருக்குத் தபால் நிலைய வேலை கொடுத்தார். அந்த வேலைக்கு ஒன்பது வருடம் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். தம்பியை அந்தக் கேள்வி கேட்க விடுங்கள், அடக்காதீர்கள். கேட்டுக்கொண்டேகூட என்எஸ் செய்யலாம். ‘தேசப்பற்று எங்கே’ என்று கேட்டீர்கள். என்னால் காட்ட முடிந்தது ஒன்றுதான். அந்த ஏழாம் தேதி மாலை அமெரிக்கக் கேப்டன் குரோட்டோஷின்ஸ்கியிடம், “எங்களைத் திரும்ப அங்கே கூட்டிப்போக முடியுமா?” என்று கேட்டார். ஐந்து நாள் பட்டினி கிடந்தவர் ‘முடியும்’ என்றார். ஏதோ ஒரு வாய் சாப்பிடவும் குடிக்கவும் கொடுத்தார்கள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே முன்னால் நடந்தார்.