வெயிலையும் தாங்கோணும், கொசுவும் அண்டக்கூடாது! - தோட்டம் கேள்வி பதில்

ஏனுங்க, எங்க வீடு மேக்கு பாத்த மாடி வீடு, சித்திரை வந்தா மொட்டை மாடியில கால் வெக்க முடியாது. ஊட்டி போனப்ப கொசு வராதுன்னு சொன்னாங்கன்னு லாவெண்டரும் ரோஸ்மேரியும் வாங்கிட்டு வந்தோம், லாவெண்டர் கருகிப்போச்சு. இப்ப நர்சரியில கொசு விரட்டிச் செடின்னு ஒன்னு விக்கறாங்க, வாங்கலாமுங்களா? இல்ல வேற என்ன வெக்கலாம்?
- வாசகி, ஈரோடு

லாவெண்டர் போனதுக்கு உங்க மேல தப்பில்லைங்க அம்மணி, குளுருல வளந்தத கொண்டாந்து நம்மூர் 40 டிகிரி வெயில்ல வெச்சா அது என்ன பண்ணும். ரோஸ்மேரி பொழச்சுக்கும், மண்ணுல நெறைய மணல் கலந்து தண்ணி தேங்காம பாத்துக்கோங்க, சாயங்கால வெயில் மட்டும் நேரா அடிக்காம ஒரு ஓரமா தள்ளி வைங்க.

அந்த கொசு விரட்டிச் செடி வேண்டாமுங்க. பெரும்பாலும் அது எலுமிச்சை வாசம் அடிக்கற ஒரு ஜெரேனியம் தான், சோதிச்சுப் பாத்ததுல செடி பக்கத்துலயே இருந்தும் கொசு கடிக்கறது கொறையல. எந்த வாசனைச் செடியா இருந்தாலும் எண்ணெய் இலைக்குள்ள இருக்குது, கசக்குனா, நறுக்குனா, புகை போட்டாத் தான் வெளிய வரும், சும்மா தொட்டியில நிக்கறதுக்கு எந்தக் கொசுவும் பயப்படாது.

நானா இருந்தா மொதல்ல நொச்சி தான் வெப்பேன். நம்ம பக்கம் தோட்டத்து வேலியோரம் தானா நிக்கறது, ஆடு மாடு வாய் வெக்காது, வெயிலுக்கு அசையாது. இலை அஞ்சு விரல் மாதிரி பிரிஞ்சிருக்கும், அடிப்பக்கம் சாம்பல் பூத்தாப்ல வெளுப்பா இருக்கும், அத வெச்சே கண்டுபிடிச்சுக்கலாம். பென்சில் தடிப்புல குச்சிய ஒடிச்சு நட்டாலே துளுத்துரும், காசு செலவே இல்ல. பெரிய டிரம்முல வெச்சு அப்பப்ப கவாத்து பண்ணுங்க, வெட்டுன பச்சை இலைய பொழுதோட கங்கு மேல போட்டு வாசல்ல புகை காட்டுங்க, வீட்ல இளைப்பு இருக்கறவங்க, கைக்குழந்தை இருந்தா மட்டும் வேண்டாம். பத்து வருசத்துக்கு முன்னாடி சென்னை மாநகராட்சியே கொசுவுக்குன்னு நொச்சிக் கன்னு குடுத்தாங்க, ஆனா கன்ன நட்டுட்டு கைய கட்டிட்டு உக்காந்தா ஒன்னும் ஆகாது.

கூட துளசி, திருநீத்துப்பச்சிலை, எலுமிச்சைப்புல், கற்பூரவல்லி வைங்க, எல்லாமே வெயில் தாங்கும். திருநீத்துப்பச்சிலை பூக்க விட்டா தேனீ வரும், காய்கறிச் செடிக்கு நல்லது, இலை நெறைய வேணும்னா கதிர கிள்ளி விட்ருங்க. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மட்டும் வேண்டாம், வேர் வெந்துபோயிரும், மண் தொட்டியோ வெள்ளைப் பையோ எடுத்து மேல தேங்கா மட்டைய பரப்பிருங்க.

இதுக்கெல்லாம் மேல ஒன்னு இருக்குதுங்க, தொட்டிக்கு அடியில வெக்கற தட்டு. டெங்கு கொசு அந்த மாதிரி தேங்குன நல்ல தண்ணியில தான் முட்ட வெக்கும், நம்ம வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறந்துரும். முட்டை தட்டு ஓரத்துல ஒட்டிட்டு காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, அதனால தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது, வாரம் ஒருக்கா தேங்கா நாரு போட்டு தேச்சுக் கழுவோணும். அதுவும் அது பகல்ல கடிக்கற கொசு, பொழுதோட போடற புகை அதுக்கு ஆகாது.

தக்காளிக்கு நடுவுல செண்டுமல்லி போட்டா பூச்சி வராதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?
- வாசகர், தாராபுரம்

வராதுன்னு இல்லைங்க, வர்றது செண்டுமல்லிக்குப் போகும். காய்ப்புழு அந்துப்பூச்சி தக்காளிய விட செண்டுமல்லி மொட்டுல முட்ட வெக்கத் தான் ஆசைப்படும், அதனால 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி போடச் சொல்றாங்க. இதுல கணக்கு ஒன்னு இருக்குது, தக்காளி நாத்து 25 நாள்ல நடறப்ப செண்டுமல்லி நாத்துக்கு 40 நாள் ஆயிருக்கோணும், அப்பத் தான் ரெண்டும் ஒட்டுக்கா பூக்கும், முன்ன பின்ன ஆனா புழு தக்காளிக்கே வந்துரும். புழு இருக்கற மொட்ட பறிச்சு அழிக்கறதும் உங்க வேல தான், இல்லைன்னா நாமளே புழு வளத்து விட்ட மாதிரி ஆயிரும். வேர்முடிச்சு போடற நூற்புழுவையும் செண்டுமல்லி வேர் கட்டுப்படுத்தும், அது தனி லாபம். கோடையில செண்டுமல்லிக்கு செம்பேன்னு ஒரு பொடிப் பூச்சி புடிக்கும், இலைக்கு அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிங்க.

வாசல்ல வேப்பமரம் இருந்தா கொசு வராதா?
- வாசகி, காங்கேயம்

நல்ல நிழல் இருக்கும். அந்த நிழல்ல கொசுவும் உக்காரும்.