‘ஓனர் ரிஸ்க்’ போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார்களா?

கேள்வி: தானியங்கி கார் வாஷில் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு நின்றேன். கார் வெளியே வந்தபோது பின்பக்க வைப்பர் முறிந்திருந்தது. இடப்பக்கம் இரண்டு கதவிலும் கீறல். ‘ஓனர் ரிஸ்க்’ போர்டைக் காட்டி, இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இன்சூரன்ஸ் பக்கம் போகாதீர்கள். அந்த போர்டு அவர்களைக் காப்பாற்றாது. சாவி கைமாறியதுமே கார் அவர்கள் பொறுப்பு. சொந்தப் பொருளைப்போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் வாலே பார்க்கிங்கில் (ஊழியரே சாவி வாங்கி நிறுத்தும் வசதி) விட்ட கார் 1998-ல் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னதும் இதுதான்: பார்க்கிங் சீட்டில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்துவிட்டு, தங்கள் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். சிக்காவிட்டால் மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, பாலிஷ் போதும். சிக்கினால் பெயின்ட் வேலை. அதற்காக அவர்களே ‘ஃப்ரீயா ரப்பிங் போட்டுத் தர்றோம் சார்’ என்றால் செய்ய விடாதீர்கள். கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது. ரப்பிங் அதையும் தேய்த்துவிடும், உங்கள் சாட்சியத்தையும் அழித்துவிடும்.

இதைவிட மோசமானவர்கள், ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் ‘கிளெய்ம் முடிச்சுத் தர்றேன்’ ஆட்கள். ராத்திரி வீட்டு வாசலில் நின்ற வண்டியை யாரோ உரசிவிட்டதாக எழுதச் சொல்வார்கள். பம்பரில் இருக்கும் பழைய நசுங்கலையும் சேர்க்கச் சொல்வார்கள். கார் வாஷ் பிரஷ் போடும் கீறல் மெல்லிய வளைகோடுகளாக இரண்டு கதவிலும் ஒரே உயரத்தில் ஓடும். சேதத்தை மதிப்பிட வரும் அனுபவமுள்ள இன்சூரன்ஸ் சர்வேயருக்கு அது பார்த்ததுமே தெரியும். கிளெய்ம் தள்ளுபடியானால் பாரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, அந்த ஆளுடையது இல்லை.

கிளெய்ம் உண்மையாகவே போட்டாலும் கணக்கு உதைக்கும். ஓன் டேமேஜ் பிரீமியம் (உங்கள் காரின் சேதத்துக்கான பகுதி) 12,000 ரூபாய், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) 50 சதவீதம் என்று வையுங்கள்; கட்டுவது 6,000. கிளெய்முக்குப் பிறகு போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் கூடுதலாக 15,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு, கிளெய்ம் தொகையில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் வேறு.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் வாதம் நிற்காது. அது ஏற்கெனவே ரீபெயின்ட் அடித்த கதவில் பெயின்ட் உரிந்திருந்தால். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கிப் பாருங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் மேடான கோடு தெரிந்தாலோ, பீடிங்கிலேயே பெயின்ட் பட்டிருந்தாலோ ரீபெயின்ட்தான். உப்புத்தாள் போட்டு ஒழுங்காகத் தேய்க்காமல் அடித்த பெயின்ட், ஜெட் தண்ணீர் பட்டால் விளிம்பிலிருந்து தோல்போல உரியும். அந்தத் தவறு டிங்கரிங் கடையுடையது. ஆனால் உரிவது வேறு, கீறல் வேறு. ரீபெயின்ட் கதவிலும் பிரஷ் போட்ட கீறலுக்கு வாஷ்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘பழைய பெயின்ட் சார்’ என்று இரண்டையும் குழப்பித்தான் தப்பிக்கிறார்கள்.

பில், டார்ச் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த படங்கள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் மூன்றையும் சேருங்கள். சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே எழுத்தில் கொடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பிறகு 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. 1,500 ரூபாய் நஷ்டத்துக்கு நாலு முறை லீவு போட்டு அலைய முடியாமல் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். போர்டு மாட்டுபவர்கள் நம்பியிருப்பதே அதைத்தான்.

முறிந்த வைப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறிந்த முனை வெளுப்பாக, புதிதாக இருக்கும். ‘முன்னாடியே உடைஞ்சிருந்தது’ என்ற பேச்சுக்கு அதுவே பதில்.